அடுத்த குரூப் எப்போ குதிக்கணும்? கோணத்தைப் பாக்காதீங்க, கிரவுண்ட் ஸ்பீடைக் கேளுங்க

நம்ம ஜொகூர் குளுவாங் பக்கத்து பசங்க கொஞ்ச பேரு இப்ப வெளிநாட்டுக்குப் போயி ஸ்கைடைவிங் லைசென்ஸ் எடுத்துட்டு வராங்க, சந்தோஷம்தான். ஆனா மாமாக் கடையில உக்காந்தா பேச்சு பூரா கனோபி (பாராசூட் குடை) என்ன சைஸ், ஹெல்மெட் எந்த பிராண்டு, வீடியோவுக்கு என்ன பாட்டு போடலாம்னே போகுது. "முன்னாடி குரூப் போனதுக்கப்புறம் எத்தன செகண்ட் விட்டு நீ குதிக்கிற?"னு கேட்டா ஒருத்தன் அஞ்சுங்கிறான், ஒருத்தன் "பின்னாடி இருக்கிறவன் தட்டுவான்ணே, தட்டினா போயிருவேன்"ங்கிறான். அதான் உக்காந்து எழுதுறேன். உங்க டிராப்ஸோன் (குதிச்சு இறங்குற இடம்) ரூல்தான் முதல்ல, உங்க இன்ஸ்ட்ரக்டர் சொல்றதுதான் முடிவு, இது அந்த ரூல் ஏன் அப்படி இருக்குனு புரிஞ்சிக்க மட்டும்.

முதல்ல எதுக்கு இடைவெளினு பாப்போம். பிளேன் டோர்ல இருக்கும்போது யாரும் யார் மேலயும் மோதப் போறதில்ல. ஆபத்து கீழ, குடை திறக்கிற உயரத்துல, அதாவது 3,000 அடி சுத்துவட்டாரத்துல. முன் குரூப் குடை விரிச்சு மிதந்துக்கிட்டு இருக்கும், பின் குரூப் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்துல வந்து அதே உயரத்துல குடை திறக்கும். அந்த நேரத்துல ரெண்டு குரூப்புக்கும் நடுவுல பக்கவாட்டுல எவ்வளவு தூரம் இருக்குங்கிறதுதான் செப்பரேஷன். பொதுவா சொல்ற கணக்கு, தனி ஆளுங்களுக்கு நடுவுல 1,000 அடி, அதாவது சுமாரா 300 மீட்டர், குரூப்புக்கும் குரூப்புக்கும் நடுவுல 1,500 அடி, சுமாரா 450 மீட்டர்.

ஏன் அவ்வளவுனு கேப்பீங்க. நாலு பேரு குரூப் கீழ வந்து பிரியும்போது ஒவ்வொருத்தரும் ஒரு பக்கமா டிராக் பண்ணி, அதாவது குடை திறக்கிறதுக்கு முன்னாடி உடம்பை வச்சே பக்கவாட்டுல பறந்து, 100 மீட்டர் போறாங்கனு வைங்க, அதுல ஒருத்தர் நேரா பின் குரூப் பக்கமே வர வாய்ப்பிருக்கு, பின் குரூப்லயும் ஒருத்தர் முன் குரூப் பக்கம் வரலாம். 300 மீட்டர்ல 200 போச்சு. மிச்சம் 100. இப்ப ரெண்டு பேரு குடையும் திறக்கும்போது ஒருத்தரப் பாத்து ஒருத்தர் திரும்பிட்டா, ஒரு குடை செகண்டுக்கு சுமாரா 10 மீட்டர் முன்னாடி ஓடும், ரெண்டும் சேந்தா 20, ஆக அஞ்சு செகண்டுல மூஞ்சிக்கு மூஞ்சி. அந்த அஞ்சு செகண்டுல நீங்க குடை சரியா இருக்கானு பாத்து, மேல ஆள் இருக்கானு பாத்து, திருப்பணும். அதனாலதான் குரூப்புக்கு 450. இது தாராளமான கணக்கு இல்ல, கஞ்சத்தனமான கணக்குதான்.

சரி, அந்த 300 மீட்டரை டோர்ல நின்னுக்கிட்டு எப்படி அளக்குறது? இங்கதான் எல்லாரும் சறுக்குறது.

பழைய ஆளுங்க சிலர் இன்னமும் சொல்லிக் குடுக்கிறது 45 டிகிரி கணக்கு. முன்னாடி போனவங்க டோர்ல இருந்து பாத்தா 45 டிகிரி கோணத்துக்குப் போனதும் நீ குதிக்கலாம்னு. கேக்க நல்லா இருக்கும், ஆனா வேலைக்காகாது. பிளேனும் குதிச்சவங்களும் ஒரே காத்துக்குள்ளதான் இருக்காங்க. மேல எதிர்காத்து 5 நாட்டா (நாட்ங்கிறது காத்து, பிளேன் வேகத்தோட அளவு) இருந்தாலும் 50 நாட்டா இருந்தாலும் அது ரெண்டையும் சேத்துதான் தள்ளுது, அதனால டோர்ல இருந்து நீங்க பாக்குற கோணம் மாறவே மாறாது. ஆனா தரைக்கு மேல பிளேன் எவ்வளவு தூரம் நகருதுங்கிறது தலைகீழா மாறிடும். ஒரு உச்சக்கட்ட உதாரணம் யோசிங்க: எதிர்காத்து பிளேன் வேகத்துக்குச் சமமா அடிக்குது, பிளேன் தரைக்கு மேல ஒரே இடத்துல நிக்குது. அப்பவும் முன்னாடி போனவங்க எப்பவும் போல பின்னாடி விழுந்து போற மாதிரிதான் தெரியும், கோணமும் அதே கோணம்தான் காட்டும், ஆனா எல்லாரும் ஒரே இடத்துக்கு மேல வந்து குடை திறப்பாங்க. ஜான் கலெண்ட்னு ஒரு அமெரிக்க பேராசிரியர், அவரும் ஸ்கைடைவர்தான், கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் ஓடவிட்டே இந்த கணக்கு எடுபடாதுனு காட்டியிருக்காரு. இன்னமும் யாராவது கையை மடக்கி 45 டிகிரி காட்டினா சிரிச்சிட்டு பைலட் பக்கம் திரும்புங்க.

பைலட்கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, கிரவுண்ட் ஸ்பீட், அதாவது தரைக்கு மேல பிளேன் நகர்ற வேகம். ஜிபிஎஸ்ல அவரு கண்ணு முன்னாடியே இருக்கும். தோட்டத்துல வளர்ந்தவங்களுக்கு இது ஈசியா புரியும், செம்பனைக் குலை ஏத்துன லாரியில பின் கதவு சரியா பூட்டல, பத்து செகண்டுக்கு ஒரு குலை விழுதுனு வைங்க. லாரி வேகமா போனா குலைக்கும் குலைக்கும் நடுவுல நல்ல தூரம் இருக்கும், மேட்டுல முக்கிக்கிட்டு போனா பக்கத்துல பக்கத்துல விழும். மேடு ஏறும்போதும் அதே தூரம் வேணும்னா குலை விழுற நேரத்தைக் கூட்டணும். அவ்வளவுதான் விஷயம், பிளேன் மெதுவா நகந்தா நீங்க ஜாஸ்தி நேரம் காத்திருக்கணும்.

இப்ப மனப்பாடம் பண்ணிக்க ஒரு குறுக்குக் கணக்கு தரேன். 600ஐ கிரவுண்ட் ஸ்பீடால வகுத்தா 300 மீட்டருக்கான செகண்ட் வந்துரும், ஸ்பீட் நாட் கணக்குல இருக்கணும். 900ஐ வகுத்தா 450 மீட்டருக்கான செகண்ட். ஒரு நாட்ங்கிறது செகண்டுக்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல, அதனால கணக்கு ஒட்டுது, கொஞ்சம் நமக்குச் சாதகமாவே ஒட்டுது. 100 நாட்னா 6 செகண்ட், குரூப்புக்கு 9. 80 நாட்னா 8, குரூப்புக்கு 12. 60 நாட்னா 10, குரூப்புக்கு 15. 40 நாட்டுக்கு இறங்கிடுச்சுனா 15, குரூப்புக்கு 23. புள்ளி வந்தா மேல ஏத்திக்குங்க, கீழ இறக்காதீங்க.

இதுல ஒண்ணு கவனிங்க. பைலட் முன்னாடி இருக்கிற ஏர்ஸ்பீட் முள்ளு 85 நாட் காட்டினா அதுவே நம்ம வேகம்னு நினைக்காதீங்க. நாம குதிக்கிற 13,000 அடியில காத்து மெலிசு, முள்ளு காட்டுறதை விட நிஜ வேகம் அஞ்சுல ஒரு பங்குக்கும் மேல கூடவே இருக்கும், 85 காட்டினா நிஜத்துல 105 கிட்ட. அதுல இருந்து எதிர்காத்தைக் கழிச்சாதான் கிரவுண்ட் ஸ்பீட். காத்து 10 நாட்னா 95, காத்து 35 நாட்னா 70. முதல் கேஸ்ல தனி ஆளுக்கு 7 செகண்ட் போதும், ரெண்டாவதுல 9, குரூப்னா 13. காலையில பசியாறிட்டு போன லோட்ல (பிளேன் ஒரு தடவை ஏத்திட்டுப் போற கூட்டம்) 7 செகண்ட் விட்டோம், மத்தியானமும் 7 போதும்னு இருந்தா, மத்தியானம் மழை மேகம் கட்டுற நேரத்துல காத்து என்ன ஆட்டம் போடும்னு நம்ம ஊருல இருக்கிற உங்களுக்கு நான் சொல்லணுமா. ஒவ்வொரு லோடுக்கும் கேளுங்க. பைலட் கடுப்பானா ஆகட்டும் லா.

அடுத்தது கீழ்க்காத்து. இதை நிறைய பேரு விட்டுடறாங்க, எனக்கு இதுதான் பெரிய கவலை. முன் குரூப் குடை திறந்ததும் அந்த உயரத்துக் காத்து அவங்களைத் தள்ள ஆரம்பிச்சிரும், பின் குரூப் வந்து சேர்ற வரைக்கும் தள்ளிக்கிட்டே இருக்கும். மேலயும் கீழயும் காத்து ஒரே பக்கம் அடிச்சா பிரச்சனை இல்ல, பிளேன் எதிர்காத்துல போகுது, முன் குரூப் பின்னோக்கித் தள்ளப்படுறாங்க, இடைவெளி கூடத்தான் செய்யும். ஆனா மேல ஒரு திசை, கீழ அதுக்கு நேர் எதிர்த் திசைனா, முன் குரூப் குடையோட மிதந்து பின் குரூப் குடை திறக்கப் போற இடத்தை நோக்கியே வருவாங்க. அப்ப கிரவுண்ட் ஸ்பீட்ல இருந்து கீழ்க்காத்தைக் கழிச்சிட்டு அப்புறம் வகுக்கணும். கிரவுண்ட் ஸ்பீட் 80, ஆனா 3,000 அடியில 15 நாட் பிளேன் போற பக்கமே அடிக்குதுனா நம்ம கணக்குக்கு 65தான். தனி ஆளுக்கு 8 செகண்டுனு நினைச்சது 10 ஆகுது, குரூப்புக்கு 12 இல்ல, 14. நம்ம நாட்டுல கீழ கடல்காத்து ஒரு பக்கம், மேல மான்சூன் காத்து ஒரு பக்கம்னு இருக்கிறது நடக்கிறதுதான், மேல காத்து கம்மி, இன்னைக்கு ஈசினு அசால்டா இருக்கிற நாள்லதான் இது மாட்டும். ஏர்ஸ்ட்ரிப்புக்குப் போறதுக்கு முன்னாடியே 3,000, 6,000, 9,000, 12,000 அடிக் காத்து ஃபோர்காஸ்ட் பாத்துட்டுப் போங்க, திசையையும் பாருங்க, நம்பரை மட்டும் பாக்காதீங்க. 3,000 அடிங்கிறது நம்ம குனோங் லம்பாக் உச்சியை விட ரொம்ப மேல, லம்பாக் 510 மீட்டர்தான், நம்ம குடை திறக்கிறது 900 மீட்டர்ல, அதனால தரையில நிக்கிற காத்துக்கூம்பைப் பாத்து மட்டும் முடிவு பண்ணக்கூடாது.

யாரு முதல்ல போறதுங்கிறதும் இந்தக் கணக்குக்குள்ளதான் வருது. வயிறு கீழ வச்சு விழுற பெல்லி ஆளுங்க 13,000ல இருந்து குடை திறக்கிற வரைக்கும் ஒரு நிமிஷம் கிட்ட காத்துல இருப்பாங்க. தலைகீழாவோ உக்காந்தோ விழுற ஃப்ரீஃப்ளை ஆளுங்க மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டி வர்றதால முக்கால் நிமிஷத்துல வந்துருவாங்க. கூட இருக்கிற அந்த 15 செகண்டுல காத்து பெல்லி ஆளுங்களை இன்னும் பின்னாடி தள்ளும். சராசரி காத்து 20 நாட்னா செகண்டுக்கு 10 மீட்டர், மொத்தம் 150 மீட்டர். ஃப்ரீஃப்ளை முதல்ல போயி பெல்லி பின்னாடி போனா, நீங்க டோர்ல எண்ணி எண்ணி வாங்கின 300 மீட்டர்ல பாதி காணாமப் போயிரும். காத்து 40 நாட்னா மொத்தமும் காலி, பெல்லி குரூப் ஃப்ரீஃப்ளை குரூப் தலைக்கு மேலயே வந்து நிப்பாங்க. பெல்லி முதல்ல போனா அதே 150 மீட்டர் நமக்கு லாபம். அதனாலதான் நிறைய இடத்துல பெரிய பெல்லி குரூப், சின்ன பெல்லி குரூப், தனி பெல்லி, அப்புறம் ஃப்ரீஃப்ளை, அப்புறம் இன்ஸ்ட்ரக்டரோட குதிச்சுப் பழகுற ஏஎஃப்எஃப் மாணவர்கள், இன்ஸ்ட்ரக்டரோட சேத்துக் கட்டிக்கிட்டு குதிக்கிற டாண்டம், கடைசியா இறக்கை உடுப்பு போட்ட விங்சூட்னு வரிசை வைக்கிறாங்க. மாணவர்களும் டாண்டமும் 5,000 அடிக்கு மேலயே குடை திறப்பாங்க, அவங்க தலைக்கு மேல இருந்து யாரும் விழுந்து வரக்கூடாது, அதான் பின்னாடி. நீங்க தனியா போயி உயரத்துல குடை திறக்கப் போறீங்கனா லோட் ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க, டோர்கிட்ட வந்து சொல்லாதீங்க.

டிராக்கிங், ஏங்கிள் ஜம்ப்னு பக்கவாட்டுல பறக்குற குரூப் லோட்ல இருந்தா, அவங்க எந்தப் பக்கம் திரும்பப் போறாங்கனு கேட்டு வச்சுக்குங்க. ஜம்ப் ரன் கோட்டுக்கு, அதாவது ஆளுங்க குதிக்கும்போது பிளேன் போற நேர்கோட்டுக்கு, குறுக்கா போகணும், கோட்டு மேலயே போனா யாரு எத்தன செகண்ட் எண்ணியும் புண்ணியம் இல்ல. தனியா குதிக்கிற புது ஆளுங்களும் அப்படித்தான், நேரம் போகலைனு டிராக் பழகுறேன்னு ஜம்ப் ரன் கோட்டுலயே ஓடாதீங்க.

இப்ப எண்ணுற விஷயம். எண்ண ஆரம்பிக்க வேண்டியது முன் குரூப்போட கடைசி ஆள் டோரை விட்ட நொடியில, முடிக்க வேண்டியது உங்க குரூப் விடுற நொடியில. நடுவுல நீங்க டோருக்கு வந்து, தலையை வெளிய நீட்டி, கீழ பிளேன் இருக்கா மேகம் இருக்கானு பாத்து, வெளிய ஏறி நிக்கிற நேரமும் அந்தக் கணக்குக்குள்ள வரும். பெரிய குரூப் வெளிய ஏறவே பத்து செகண்ட் ஆயிரும், அவங்க எல்லாரும் ஏறி நின்னுட்டு மறுபடி 12 எண்ண வேணாம். ஆனா சுறுசுறுப்பான ரெண்டு பேரு குரூப் மூணே செகண்டுல ரெடியாயிருவாங்க, அவங்கதான் நின்னு மிச்சத்தை எண்ணணும். "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு"னு மனசுக்குள்ள நிதானமா சொல்லிப் பழகுங்க. வீட்டுல போன் ஸ்டாப்வாட்ச் வச்சு கண்ண மூடி 10 எண்ணிப் பாருங்க, அப்புறம் தோட்டத்துத் திடலை நாலு சுத்து ஓடிட்டு மூச்சு வாங்கும்போது எண்ணிப் பாருங்க, வித்தியாசம் தெரியும். டோர்ல நெஞ்சு அடிக்கிற அடிக்கு எண்ணிக்கை தானா ஓடும். பின்னாடி இருந்து யாராவது "போ போ போ"னு கத்துனா கத்தட்டும், உங்க முதுகுல தட்டுறவருக்கு டோர் வழியா ஒண்ணும் தெரியாது.

கண்ணால அளக்க முடியாதானு கேக்குறவங்களுக்கு: முடியும், ஆனா எண்ணுறதுக்குத் துணையா மட்டும் வச்சுக்குங்க. 13,000 அடியில இருந்து 300 மீட்டர்ங்கிறது நேர் கீழ இருந்து நாலு டிகிரி சொச்சம்தான், அதை வெறும் கண்ணுல எடை போட அனுபவம் வேணும். அதுக்கு முன்னாடியே மேப்புல ரன்வே எவ்வளவு நீளம், பக்கத்து தோட்டத்து ரோட்டுக்கும் அடுத்த ரோட்டுக்கும் எவ்வளவு தூரம்னு அளந்து வச்சுக்குங்க. செம்பனைத் தோட்டம் ஒரு வகையில வசதி, ரோடெல்லாம் கட்டம் கட்டமா கோடு போட்ட மாதிரி மேல இருந்து பளிச்சுனு தெரியும். முன் குரூப் போகும்போது நேர் கீழ எந்த ரோடு, நீங்க போகும்போது எந்த ரோடுனு பாத்தா பிளேன் நகந்த தூரம் கிடைச்சிரும். நேர் கீழ பாக்குறதுங்கிறதுதான் சூட்சுமம், பிளேன் கொஞ்சம் சாஞ்சிருந்தா நீங்க நேருனு நினைக்கிறது அரை கிலோமீட்டர் தள்ளிப் போயிரும், அதனால முன்னாடி அடிவானம், பக்கவாட்டு அடிவானம் ரெண்டையும் பாத்துட்டு அப்புறம் தலையைக் கீழ இறக்குங்க.

இப்படி ஒழுங்கா எண்ணினா ஒரு விலை இருக்கு, அதையும் சொல்லணும். 80 நாட்ல பிளேன் செகண்டுக்கு 41 மீட்டர் போகுது. லோட்ல எட்டு குரூப், நடுவுல ஏழு இடைவெளி, ஒவ்வொண்ணும் 12 செகண்டுனா 84 செகண்ட், கிட்டத்தட்ட மூணரை கிலோமீட்டர். முதல் குரூப் ஒரு பக்கம் தூரமா, கடைசி குரூப் இன்னொரு பக்கம் தூரமா. கடைசி ஆளுங்க செம்பனைக்குள்ள இறங்குறதுக்குப் பயந்து இடைவெளியைக் குறைக்கத் தோணும், அங்கதான் தப்பு நடக்கும். மட்டை முள்ளு குத்தும், வயசான மரம்னா பத்து மீட்டருக்கு மேல உயரம், உள்ள நாகப்பாம்பு வேற, யாருக்கும் ஆசை இல்ல, ஒத்துக்கிறேன். அதுக்கு வழி இடைவெளியைக் குறைக்கிறது இல்ல, பிளேனை இன்னொரு சுத்து வரச் சொல்றது. ரெண்டு பாஸ் போடுறதுனு தரையிலயே முடிவு பண்ணிட்டா எண்ணெய்க் காசு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். லைட் பச்சையா இருந்தாலும் ஸ்பாட் (குதிக்க வேண்டிய இடம்) தாண்டிடுச்சுனு தெரிஞ்சா உக்காந்துக்குங்க, யாரும் உங்கள வெளிய தள்ளப் போறதில்ல.

"நான் கீழ வந்து திறக்கிறேன், அவங்க மேல திறக்கட்டும், உயரமே இடைவெளிதானே"னு ஒரு வாதம் அடிக்கடி வரும். நம்பாதீங்க. ஒருத்தர் குடை சட்டுனு திறக்கும், இன்னொருத்தருது 800 அடி இழுத்துக்கிட்டு நிதானமா திறக்கும், ஒருத்தருக்கு கோளாறாகி முதல் குடையை வெட்டிவிட்டு ரிசர்வ் (மாத்துக் குடை) போடுவாரு. உயரத்துல வாங்கின இடைவெளி ஒரு நொடியில செலவாயிரும்.

குடை திறந்ததும் முதல் வேலை, ஜம்ப் ரன் எந்தப் பக்கம்னு நினைவு இருக்கணும், ரயில் தண்டவாளமோ ஹைவேயோ ஒண்ணை முன்னாடியே அடையாளம் வச்சுக்குங்க. அந்தக் கோட்டுக்குக் குறுக்கா திருப்பி, அடுத்த குரூப் குடைங்க எல்லாம் திறந்ததைக் கண்ணால பாக்குற வரைக்கும் அப்படியே போங்க. டிராப்ஸோனுக்குத் திரும்பணும்னு அவசரப்பட்டு கோட்டு மேலயே ஓட்டினா நீங்க எண்ணின செகண்டெல்லாம் வீண். எல்லாரும் திறந்த பிறகு வீட்டுப் பக்கம் திரும்புங்க.

கீழ இறங்கினதும் குடையை மடிக்கிறதுக்கு முன்னாடி முன் குரூப்கிட்டயும் பின் குரூப்கிட்டயும் போயி "நான் திறக்கும்போது உங்களுக்கு எவ்வளவு தூரத்துல இருந்தேன்?"னு கேளுங்க, கேமரா வச்சிருந்தா ரெண்டு எக்ஸிட்டுக்கும் நடுவுல எத்தன செகண்டுனு வீடியோவுல பாருங்க, கிட்ட இருந்த மாதிரி தோணுச்சுனா அடுத்த லோடுக்கு ரெண்டு மூணு செகண்ட் கூட்டச் சொல்லி அதே லோட்ல போறவங்க எல்லாருக்கும் பிளேன் ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க.